நடுங்கிய பஞ்சமம்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆர்கனைக் காலால் மிதித்தால் முதலில் பழந்தோலின் நெடி வரும், பின்னாலேயே நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலின் நெடி, அதற்கப்புறம்தான் சத்தம். இசையும் கணக்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாராவது டி.வி.யில் உருகினால் எனக்கு அந்த நெடிதான் மூக்கில் ஏறுகிறது, எழுந்துபோய் அணைத்துவிடுகிறேன்.

எட்டாவதில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சார்தான் காலைப் பிரார்த்தனைக்கு ஆர்கனும் வாசிப்பார். விகிதம் நடத்தும்போது வகுப்பையே அதனருகில் கூட்டிப்போனார். ‘ச’ இருநூறு தடவை அதிர்கிற நேரத்தில் ‘ப’ முந்நூறு தடவை அதிரும் என்று பலகையில் எழுதிவிட்டு, இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தி, விகிதம் சரியென்றால் சத்தம் அசையாமல் நிற்கும், கேளுங்கள் என்றார். எல்லோரும் நிற்கிறது என்றார்கள். எனக்கோ அது குளிர்காய்ச்சல் கண்ட உடம்பு போல நடுங்கியது. வாயைத் திறக்குமுன் நாலு தடவை பயப்படுகிறவள் நான். அன்றைக்கென்று சொல்லித் தொலைத்தேன்.

“ரெண்டும் நடுங்கிகினு இருக்குது சார்.”

“கணக்கு பொய் சொல்லாது தாயி. ஒன் காதுதான் கோணல்.”

மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதையே சொன்னேன், மணியடிக்கும்வரை முட்டி போட்டேன். “என்னாடி கோணக்காது, பெல்லாவது நேரா கேட்டுச்சா?” என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டதும் அதுவே என் பெயராகிவிட்டது.

சார் ஆளனுப்பி, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்களோடு பள்ளிக்கு வந்த அப்பாவிடம், இந்தப் பெண்ணுக்குக் கணக்கு ஏறாது, எதிர்த்துப் பேச மட்டும் தெரியும் என்றார் சார். “நீங்க சொன்னா சரிதாங்க, வூட்டுலயே இருக்கட்டும்” என்று அப்பா கும்பிட்டார். எனக்கு என்ன கேட்டது என்று அவர் கேட்கவேயில்லை.

அதன் பிறகு குவார்ட்டர்ஸில் சாம்பல் துடைப்பது என் வேலையானது. டிரான்சிஸ்டர், சாமி படம், பானை மூடி என்று ஈரத்துணி படாத பொருள் எங்கள் டவுன்ஷிப்பில் கிடையாது, அந்த ஆர்கனின் வயிற்றைத் தவிர. இரண்டு வருடம் கழித்துப் பழுது பார்க்கிறவர் வந்து அதைத் திறந்தாராம். காற்றில் அதிர்ந்து ‘ப’வை எழுப்பும் பித்தளை நாக்கில் சாம்பல் அப்பிக் கனத்து, சுருதியைக் கீழே இழுத்திருந்ததாம். “இனிமே மூடி வைங்கப்பா” என்று சொல்லிவிட்டு சார் கைத்தூசியைத் தட்டிக்கொண்டார் என்று அங்கே படித்த என் தம்பி வந்து சொன்னான்.

ஆர்கன் இப்போது இல்லை, சாரும் இல்லை. போன வாரம் மருந்துக்கடையில் பத்து மாத்திரை கேட்டேன். எண்ணினேன், ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். பத்துக்கான காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.