கோமணக் கதையும் கொடைக் கமிட்டித் தலைவரும்

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணாச்சி. மேலகரத்தில் படம் காட்டிய திரைக்கு முன்னால் நின்று, ஊரே கேட்க மைக்கில் பொய் சொன்னீர்கள்.

நான் நாடகத்தில் ஆடியவள். பபூன் ஒன்று சொன்னால் பதிலுக்கு நான் இரண்டு சொல்வேன். தென்காசி வட்டாரத்தில் எந்தக் கோவில் கொடைத் திருவிழா என்றாலும் எங்கள் ஜோடியைத் தேடித்தான் முதலில் ஆள் வரும். அப்போது ஒரு வழக்கம் இருந்தது. முன்வரிசை நாற்காலியில் இருக்கிற கமிட்டித் தலைவரைப் பபூன் கேலி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அவருக்கு அது மரியாதைக் குறைவு. வேஷம் போடும் இடத்துக்குத் தலைவரான நீங்களே வந்து சொல்வீர்கள்: "ஏலே, போன வருசம் மாதிரி சப்புன்னு விட்டுராத. நல்லா நாறடி. இல்லன்னா ஊர்ல எவன் என்னைய மதிப்பான்?"

கோமணக் கதையை எடுத்துக் கொடுத்தவரும் நீங்கள்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பெரிய அருவி உங்கள் கோமணத்தை அடித்துக்கொண்டு போனது. நீங்கள் தேக்கிலையை முன்னால் பிடித்துக்கொண்டு கரையேறினீர்கள். பபூன் அதை அப்படியே நடித்துக் காட்டுவார். "அண்ணாச்சி தேட வேண்டாம், அது எங்கிட்டதான் இருக்கு. ஆர்மோனியம் தொடைக்க வச்சிருக்கேன்" என்பேன் நான். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நாடகச் சிரிப்பைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க மதராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இலஞ்சியில் உங்கள் தென்னந்தோப்பில் மேடை போட்டுக் கொடுத்து, ஊரையும் கூட்டி உட்கார வைத்தீர்கள். பட்டப்பகலில் அதே கதையைச் செய்தோம்.

அடுத்த வருஷம் மேலகரத்துக்கு சர்க்கார் வேன் ஒன்றில் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். யாரைக் கேலி செய்கிறோம் என்று தெரியவில்லை. சிரித்தவர்கள் ஒருவரும் இல்லை. பபூன் இலையைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, இத்தகைய ஆபாசம் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று படத்தில் கனத்த குரல் ஒன்று சொன்னது.

படம் முடிந்ததும் வேனோடு வந்த அதிகாரி அபிப்பிராயம் கேட்டார். முதல் ஆளாக மைக்கை வாங்கினீர்கள். "இந்த அசிங்கத்துக்கும் எங்க ஊருக்கும் சம்பந்தம் இல்ல. இனிமே கொடையில பபூனும் கெடையாது, ஆட்டக்காரியும் கெடையாது."

பீடி சுற்றுகிற ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "ஏன் சார், நாங்களும்லா சிரிச்சோம். எங்கள ஏன் காட்டல?" பெண்கள் பிறகு சொல்லலாம் என்றார் அதிகாரி. அந்தப் பிறகு வரவே இல்லை. நான் எழுந்து மைக் இல்லாமலே கேட்டேன்.

"கதையச் சொல்லச் சொன்னது யாரு அண்ணாச்சி?"

"ஏட்டி, ஒனக்கு இங்கன என்ன வேலை?"

"எனக்கு வேலை இல்லாம ஆக்கத்தான மைக்க வாங்குனீய?"

கூட்டம் சிரித்தது. வேன்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் எங்களைத் தேடி ஆள் வரவில்லை. உங்களைப் பார்த்து மற்றக் கமிட்டிக்காரர்களும் நிறுத்தினார்கள். பபூன் செங்கோட்டைக்கு மரம் அறுக்கிற வேலைக்குப் போனார். ஆபாசக்காரன் என்ற பெயரோடே செத்தும் போனார். அருவிக்கரையில் அத்தனை பேர் பார்த்ததைத்தான் நாங்கள் மேடையில் சொன்னோம். நான் வெட்கப்படவில்லை. கூப்பிட்டால் இப்போதும் ஆடுவேன்.

நீங்கள் இருக்கிறீர்கள். இந்த வருஷக் கொடைக்கும் நீங்கள்தான் தலைவர். சாமிக்கு முன்னால், பெண்கள் பக்கத்தைப் பார்த்து நின்று, எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னது யார்? சிரித்தது யார்?