எட்டு மணி மாத்திரை

ரோஸ்லினுக்குத் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. எழுபது பிள்ளைகளுக்கு அவளும் லட்சுமியம்மாளும்தான் ஆக்கிப்போட வேண்டும். லாரி ஓட்டிய புருஷன் இளைத்து இளைத்துச் செத்த பிறகுதான், அவனுக்கிருந்த ஹெச்.ஐ.வி. தன் உடம்பிலும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. 2006-லிருந்து மாதம் ஒரு தடவை விழுப்புரம் போய் மருந்து மையத்தில் மாத்திரை வாங்கி வந்தாள். விடுதியில் கேட்டால் முழங்கால் வலி என்பாள்.

காலை எட்டு, ராத்திரி எட்டு என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடுதியில் அந்த இரண்டு எட்டும் பந்தி நேரம். லட்சுமியம்மாள் பக்கத்திலேயே நிற்பாள். டப்பாவை எடுத்தால் என்ன மாத்திரை என்று கேட்பாள். விஷயம் கசிந்தால் அப்புறம் அடுப்படியில் யார் விடுவார்கள்? நேரம் தப்பித் தின்றால் விஷமாகிவிடுமோ என்றும் பயம். அப்படியே பல வேளை விட்டுப்போனது.

"எத்தினி மாத்திரை வுட்டீங்க?" மையத்தில் மாதாமாதம் இதே கேள்வி.

"ஒண்ணுகூட வுடல மேடம்."

ஆரம்பத்தில் ஒருமுறை உண்மையைச் சொல்லி, வரிசையே திரும்பிப் பார்க்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மிஞ்சிய மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சிகிச்சை திருப்தியா என்று படிவம் வைத்துக் கேட்டால், திருப்தி என்பாள்.

2010 ஜூலையில் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார்.

"ஒழுங்கா சாப்ட்டும் எதிர்ப்பு சக்தி எறங்கிப்போச்சுன்னா, இந்த மருந்து கேக்கலன்னு அர்த்தம். வேற மருந்துக்கு சென்னைக்கு எழுதித் தர்றேன்."

ரோஸ்லின் நேராக ஆலோசகர் அர்ஷியாவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். கோட்டக்குப்பத்திலிருந்து வரும் அந்தப் பெண் மையத்தில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். மருந்து மேல தப்பில்ல."

திட்டு விழும் என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அர்ஷியா பேனாவை மூடினாள்.

"எட்டு மணிக்கு உங்களுக்கு என்ன வேலைக்கா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. ரோஸ்லின் பந்தியைப் பற்றிச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு?"

"காலைல பல்லு வெளக்கிக்கினு இருப்பேன். சாயந்தரம் மோட்டார் போடப் போவேன். ரெண்டு நேரமும் தனியாத்தான்."

"அப்ப ஆறு, ஆறுன்னு மாத்திக்குங்க. பன்னெண்டு மணி நேரம் எடவெளி இருந்தா போதும். ஒருநாள் லேட்டாயிட்டாலும் நெனப்பு வந்ததும் போட்டுக்குங்க, விஷமெல்லாம் ஆவாது."

ரோஸ்லினுக்கு அழுகை வரவில்லை. நாலு வருஷ அலுப்பும் ஒரே நேரத்தில் தோளில் இறங்கியது போலிருந்தது.

"இவ்ளோதானா மேடம்?"

"நாங்களும் கேக்கலையேக்கா. ஒரு நாளைக்கு நூறு பேரு. எல்லாருக்கும் வுட்ட மாத்திரை பூஜ்யம், பூஜ்யம்னு எழுதிக்கினே போறேன்."

அர்ஷியா டாக்டரிடம் போய்ப் பேசினாள். சென்னைக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது. புண் ஆறியது. தை பிறந்து எடுத்த பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் ஏறியிருந்தது. "பரவால்ல, இதையே சாப்பிடுங்க" என்றார் டாக்டர். அசதி மட்டும் அவளை விடவில்லை.

அன்று அர்ஷியா திருப்திப் படிவத்தை எடுத்தாள்.

"குந்துறதுக்கு ஒரு பெஞ்சு போடுங்க மேடம்" என்றாள் ரோஸ்லின். "ஏழு மணிலேர்ந்து நின்னுக்கினு இருக்கோம்."

அர்ஷியா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். ராத்திரிச் சமையலுக்குள் திரும்ப வேண்டுமே என்று ரோஸ்லின் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.