இடது வரிசையின் மூன்றாவது ஆள்

அகார்னைக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அந்த ஊரிலும் மெலாந்தோஸுக்குத்தான் பெரிய தொண்டை. கரிமூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஏதென்ஸ் வாசலுக்கு வந்துவிடுவான். "கரீ... அகார்னைக் கரீ..." என்று அவன் ஒரு இழுப்பு இழுத்தால் குயவர் தெரு முழுக்க எழுந்து உட்காரும். தூக்கம் கெட்டவர்கள் திட்டுவார்கள். அது அவனுக்குப் புகழ்ச்சியாகத்தான் கேட்கும்.

அந்தத் தொண்டைதான் அவனைத் மதுக்கடவுள் தியோனிசஸின் திருவிழாவில் நடக்கும் நாடகப் போட்டிக்கான பாடற்குழுவில் கொண்டு சேர்த்தது. செலவை ஏற்றுக்கொண்ட தனவந்தர் தீமோக்ளிஸ் கரி வாங்கும்போது அந்தக் குரலைக் கேட்டார். "பாட வருவியா?" என்றார். "பாடத்தான் பிறந்தேன், கரி விக்கிறது சும்மா" என்று மெலாந்தோஸ் பதில் சொன்னான். அடக்கம் என்பதை அவன் அம்மா அவனுக்குப் பாலோடு ஊட்டவில்லை.

குழுவில் பதினைந்து பேர். வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை. ஆடுகளத்துக்குள் நுழையும்போது சனங்களின் கண்ணில் படுவது இடது வரிசைதான். அதனால் நன்றாகப் பாடி ஆடுகிறவனெல்லாம் இடதில். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்பவன் தலைவன். எல்லாரும் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சுமாரானவர்களை நடு வரிசையில் ஒளித்து வைப்பார்கள். இரண்டு சுவருக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி இருப்பதால் அவர்களுக்குச் சந்துக்காரர்கள் என்று பெயர்.

மெலாந்தோஸுக்குத் தான் எங்கே நிற்கப்போகிறோம் என்பதில் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. ஒத்திகை தொடங்கிய வாரமே ஊரில் சொல்லிவிட்டான்.

"இடது வரிசையில மூணாவது ஆளு. அவனை மட்டும் பாருங்க. மத்தவனைப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க."

மனைவியின் அண்ணன் நௌசோன், அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே சிரித்தான். "மாப்ளே, அந்த இடத்துல உன்னை நிறுத்திட்டாங்கன்னா, நான் என் தாடியை மழிச்சிட்டு ஊரைச் சுத்தி வர்றேன்."

"கத்தியைத் தீட்டி வை மச்சான்."

நாடகத்தை எழுதியவரே பயிற்சியும் கொடுத்தார். ஆர்கியாஸ் என்று பேர். எலும்பும் தோலுமான மனுஷர். கையில் எப்போதும் ஒரு குச்சி. குளிர்காலம் முழுக்கத் தீமோக்ளிஸ் வீட்டு முற்றத்தில் அந்தக் குச்சி தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நாடகம் ஒரு அரசனைப் பற்றியது. 'உன் கையாலேயே உன் நகரத்தின் வாசலை எதிரிக்குத் திறப்பாய்' என்று அவனுக்குக் குறி சொல்லியிருப்பார்கள். அவன் கர்வி. "விதியா, நானா பார்த்துவிடலாம்" என்று வாசலையே கல் வைத்து அடைத்துவிடுவான். அவன் மகன் வெளியே மாட்டிக்கொள்வான். எதிரி துரத்த, மகன் கதவைத் தட்ட, அரசன் தன் கையாலேயே கல்லைப் பெயர்ப்பான். பாடற்குழு அந்த ஊரின் கிழவர்கள். நடக்கப்போவது தெரிந்தும், நின்ற இடத்திலிருந்து எச்சரித்துப் பாடுவதுதான் அவர்கள் வேலை.

இடம் சொல்லும் நாள் வந்தது. ஆர்கியாஸ் குச்சியை நீட்டி ஒவ்வொருவராக நிறுத்தினார். மூன்றாம் இடத்தில் பொற்கொல்லன் கல்லிப்போஸ். மெலாந்தோஸுக்கு நடு வரிசை. சரியாகக் கல்லிப்போஸின் முதுகுக்குப் பின்னால்.

"ஐயா, தப்பா நிறுத்திட்டீங்க" என்றான் மெலாந்தோஸ்.

"தப்பே இல்ல. உன் குரல் பெரிசு. ஆனா தனியா நிக்குது. தலைவன் பாடினா பதினஞ்சு பேர் பாடுற மாதிரி இருக்கணும். நீ பாடினா பதினஞ்சு பேரை ஒருத்தன் மிதிக்கிற மாதிரி இருக்கு."

கல்லிப்போஸ் திரும்பிப் பார்த்தான். "கவலைப்படாதே கரி. சந்துல நிழல் இருக்கும்."

அன்று மெலாந்தோஸுக்கு விலாங்கு மீன்கூட இறங்கவில்லை. அவன் ஊரில் இதைச் சொல்லவும் இல்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று நினைத்தே பனிக்காலம் போய்விட்டது. வீம்புக்குக் கல்லிப்போஸின் தனிப்பாட்டு வரிகளையும் மனப்பாடம் செய்து, கழுதையிடம் பாடிக் காட்டிக்கொண்டே நடந்தான்.

திருவிழா வந்தது. அவர்கள் முறை விடியலில். மலைச்சரிவு முழுக்க மனிதத் தலைகள். மரப்பலகைகளில் இடம் பிடிக்கச் சண்டை. பூண்டு வாசம், நனைந்த கம்பளி வாசம். அகார்னைக்காரர்கள் ஒரு கூட்டமாக மேலே உட்கார்ந்திருந்தார்கள். நௌசோன் பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்: ஒண்ணு, ரெண்டு, மூணு. பக்கவழியில் முகமூடிக்குள்ளிருந்து மெலாந்தோஸ் அதைப் பார்த்தான். பதினைந்து பேருக்கும் ஒரே மாதிரி கிழட்டு முகம், ஒரே மாதிரி வெள்ளைத் தாடி. இடம் ஒன்றுதான் அடையாளம்.

குழல்காரன் மூச்சை இழுத்தான். அவர்கள் உள்ளே நடந்தார்கள்.

முதல் பாட்டு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. கூட்டம் நடுவில் தின்பதை நிறுத்திவிட்டது. அது நல்ல அறிகுறி. அரசன் கல்லின்மேல் கை வைக்கும் கட்டம் வந்தது. தலைவன் தனியாக நான்கு அடி பாட, மற்றவர்கள் ஏறி வந்து சேர வேண்டும். கல்லிப்போஸ் தொடங்கினான். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் குரல் கிழிந்தது. பனியில் இரண்டு நாளாகவே தொண்டை கட்டியிருந்திருக்கிறது. பெருமைக்காரன், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் அடிக்கு வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

குழல்காரன் ஒரு சுற்று கூடுதலாக ஊதினான். அவன் கண்கள் அகலமாயின. மேலே எங்கோ ஒரு பலகையில் குதிகால் இடிக்கத் தொடங்கியது. நாடகம் பிடிக்காவிட்டால் ஏதென்ஸ் சனம் அப்படித்தான் சொல்லும்.

மெலாந்தோஸின் கால்கள் தாமாகத் துடித்தன. ஒரே ஒரு எட்டு. கல்லிப்போஸைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றால் போதும். மூன்றாம் இடம். அகார்னை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சொன்ன சொல் பலித்துவிடும். இதைவிட நல்ல தருணத்தை எந்தத் தெய்வம் கொடுக்கும்?

ஆனால் வரிசை உடையும். தலைவன் விழுந்தான் என்று மலைச்சரிவு முழுக்கத் தெரியும். பதினாலு பேரின் குளிர்காலம் பலகை இடிப்பில் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே அந்த அரசன் நின்றுகொண்டிருந்தான், தன் இடத்தில் நிற்க முடியாமல் கல்லைத் தொட்ட கையோடு.

மெலாந்தோஸ் நகரவில்லை. நின்ற இடத்திலேயே, கல்லிப்போஸின் பிடரிக்கு நேராக, மூன்றாம் அடியைப் பிடித்தான். தெருவில் இழுக்கும் குரல் இல்லை அது. அடக்கி, மடக்கி, கல்லிப்போஸின் சாயலுக்குள் நுழைத்து, அவன் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டான். முன்னால் நின்றவனின் தோள்கள் ஒரு கணம் விறைத்தன. பிறகு அவன் புரிந்துகொண்டான். கையை உயர்த்தினான், குரலுக்குச் சரியாக. பின்னாலிருந்து பாட்டு, முன்னாலிருந்து உடம்பு. நாலாம் அடியின் முடிவில் மற்ற பதிமூணு பேரும் அலை மாதிரி ஏறி வந்து சேர்ந்தார்கள். குதிகால் சத்தம் அடங்கியது. அரசன் கல்லைப் பெயர்த்தான். மேலே யாரோ விம்மினார்கள்.

கடைசிப் பாட்டு வரை அப்படியே. எத்தனை வருஷம் கத்தியிருப்பான்; அன்று அடக்கிப் பாடியதில்தான் மெலாந்தோஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினஞ்சு பேர் பாடுவதைத் தன் தொண்டைக்குள்ளேயே கேட்டான்.

பக்கவழியில் வெளியே வந்து முகமூடியைக் கழற்றுவதற்குள் அகார்னைக்காரர்கள் இறங்கி ஓடி வந்துவிட்டார்கள். நௌசோன் முன்னால் வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. நேராக மூன்றாம் ஆளைக் கட்டிப்பிடித்தான்.

"மாப்ளே, கொன்னுட்டடா. என் தாடியை எடுத்துக்கோ. இப்பவே மழிச்சிடுறேன். அந்த நாலடியில என் ஈரக்கொலையே..."

கல்லிப்போஸ் முகமூடியைக் கழற்றினான்.

நௌசோன் ரெண்டு அடி பின்னால் போனான். மெலாந்தோஸ் பின்னாலிருந்து, "மச்சான், இங்க இருக்கேன்" என்றான். முகமூடி கையில். முகமெல்லாம் வேர்வை.

"நீ ஏன்டா அங்க நிக்கிற?"

"என் இடம் அதுதான். நடு வரிசை."

"சந்துலயா?"

"சந்துலதான். குளிர்காலத்துலயே தெரியும். உங்ககிட்ட சொல்லல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நௌசோன் சிரிக்கவில்லை. அவன் கல்லிப்போஸைப் பார்த்தான், மெலாந்தோஸைப் பார்த்தான்.

"இருபது வருஷமா உன் சத்தத்துல எந்திரிக்கிறேன்டா. அந்த நாலடி யாரோட குரல்?"

பக்கத்தில் தீமோக்ளிஸ் நின்றிருந்தார். நடுவர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. எதிர்க்குழு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு காது கொடுத்திருந்தார்கள். கல்லிப்போஸ் வாயைத் திறந்தான். எலி கீச்சிடுவதுபோல் ஏதோ வந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தலைவனோடது" என்றான் மெலாந்தோஸ். "வேற யாரோடது? பாடிப் பாடித் தொண்டையே போயிடுச்சு பாரு அவனுக்கு."

நௌசோன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தன் தாடியைத் தடவிக்கொண்டான். "அப்ப தாடி தப்பிச்சுது" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனான். அன்றைக்கே ஊரில் மெலாந்தோஸுக்குச் சந்து என்று பேர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூடக் கழுதைக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு ஓடும்.

வென்றவர்களுக்குத் தரும் ஐவிக்கொடி மாலை அவர்கள் குழுவுக்குத்தான் கிடைத்தது. விருந்தில் தீமோக்ளிஸ் கல்லிப்போஸைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அவன் தலை நிமிரவே இல்லை. மெலாந்தோஸ் விலாங்கை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றான்.

மறு வருஷம் ஆர்கியாஸ் குச்சியை நீட்டியபோது கல்லிப்போஸ் தானாகவே நடு வரிசைக்குப் போய் நின்றான். அவன் தொண்டை பழையபடி தேறவே இல்லை. "மூணாவது இடத்துல கரியை நிறுத்துங்க. ஏன்னு கேக்காதீங்க" என்றான். ஆர்கியாஸ் கேட்கவில்லை. குழல்காரன் ஏற்கெனவே சொல்லியிருப்பான்.

அப்படியாக மெலாந்தோஸ் இடது வரிசையில் மூன்றாவதாக நின்றான். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். அந்தக் குணம் எங்கே போகும். அந்த வருஷம் மழை பிடித்தது. அரசனாக நடித்தவன் சேற்றில் வழுக்கி விழுந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்திப்பழக் காம்புகள் பறந்து வந்தன. மரப்பலகைகளில் ஆயிரம் குதிகால்கள் இடித்தன. கடைசி இடம் அவர்களுக்குத்தான் என்று பாதியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அகார்னை முழுக்க, தெள்ளத் தெளிவாக, மூன்றாம் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெலாந்தோஸுக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று. முகமூடிக்குள் மழைநீர் வழிந்தது.

பிடரிக்கு நேராக, கரகரத்த ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "நகராதே கரி. நான் எடுத்துக் கொடுக்கிறேன், பாடு."

அவன் பாடினான்.