தாய்மாமனைச் சேர்க்காத கணக்கு

இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாடகை வீட்டுக்காரர் மகன் ஓவர்டைம் வேலையைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவார். என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார். தரையை ஒட்டிப் பறக்கிற ஒவ்வொரு காரையும் காட்டி, "பார்றா, ரோட்டுக்கு முத்தம் குடுத்துக்கினே போவுது" என்பார். அவரிடமும் ஒரு கார் இருந்தது. கைமாறி வந்த சின்ன வெள்ளைக் கார். அதன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முழுக் கையையும் நுழைக்கலாம். அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிவிடும்.

மண்ணூரில் அவர்கள் வீட்டு மாடியறையில் நானும், என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பனும் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். போனில் ஸ்பிரிங் என்று சொன்னதும், "மெத்தைக்குப் போடுவாகளே, அதா?" என்று அம்மா கேட்டாள். காருக்கு என்றேன். "காருக்குள்ளயும் மெத்தை இருக்கும்ல" என்று அவளே முடித்துவைத்தாள்.

வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தாலி கட்டி, பெண்ணைத் தன் காரில் தானே ஓட்டி அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குள் காரைத் தாழ்த்திவிட வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெக்கானிக், ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றைக் கேஸ் தீ வைத்து அறுத்துவிட்டால் மூன்று அங்குலம் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்.

"அறுக்கக் கூடாதுண்ணே" என்றேன். "பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி எடத்த விட்டு நகந்துரும். தீ பட்ட கம்பி என்னைக்கு ஒடியும்னு சொல்லவும் முடியாது. உள்ள உக்காரப் போறது புதுப்பொண்ணு."

"அப்போ நீயே ஒரு வழி சொல்லு, இன்ஜினியரே. சும்மா வாணாம் வாணாம்னா?"

கேட்டுக்கொண்டே வந்த அவருடைய அப்பா, வீட்டுக்காரர், தன் தீர்ப்பைச் சொன்னார். "இன்னாவோ பண்ணிக்கோங்க. ஆனா பொண்ண இட்டாற அன்னிக்கு நம்ம ஊரு மேட்டுல வண்டி அடி தட்டிச்சுன்னா, மறுநாளே பழச மாட்டிடணும்."

ஊர் மேடு என்று அவர் சொன்னது ஊருக்குள் நுழையும் இடத்தில் இருந்த வேகத்தடை. ஒரு லாரி ஆட்டை அடித்துப் போட்ட கோபத்தில் ஊர்க்காரர்களே சிமெண்டைக் குழைத்து எழுப்பியது. முன்னால் நின்று எழுப்பியவர் இதே வீட்டுக்காரர். அதில் ஒரு விரல் உயரத்தைச் செதுக்கக்கூட அவர் சம்மதிக்க மாட்டார்.

அடுத்த வார விடுமுறையில் நூல் கட்டி அந்த மேட்டை அளந்தேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஓர் அம்மா நின்று, "ரோடு எப்ப சார் போடுவீங்க?" என்றார். ரோடு ஆபீஸ் ஆள் இல்லை என்றேன். "எல்லாரும் இதான் சொல்றீங்க" என்று போய்விட்டார்.

மேட்டின் உயரம் கிடைத்தது. காருக்குள் எவ்வளவு பாரம் ஏறும் என்பது தெரிய வேண்டும். அன்றைக்கு யார் யார் வருவார்கள் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். மகன், மருமகள், வீட்டுக்காரர், தோழிப்பெண், தன் மகள், மகளின் இரண்டு பிள்ளைகள். அவர் மட்டும் வேனில் முன்னால் வந்து ஆரத்தியோடு நிற்பாராம்.

"தாய்மாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "எந்தம்பி வரமாட்டான். வூட்டுக்கு வந்து தட்டுல வெச்சு பத்திரிக குடுக்காம, பஸ் ஸ்டாப்புல கையில திணிச்சாராம் இந்த மனுசன். அக்கா வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டான்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போனார்.

தாய்மாமாவை விட்டுவிட்டு, மற்ற அத்தனை பேர் கணக்குக்கும் ஆட்களை ஏற்றிக் காரை நிரப்பினேன். தெருவே கூடிவிட்டது. மணப்பெண்ணுக்குப் பதிலாக என் அறை நண்பனை முன்சீட்டில் உட்காரவைத்தோம். யாரோ அவன் தலையில் துண்டைப் போர்த்தினார்கள். "பொண்ணு கொஞ்சம் மீச வெச்சிக்கினு கீது, பரவால்ல" என்றது கூட்டம். நான் தரையில் படுத்து, அடியில் தொங்குகிற சைலன்சர் குழாய்க்கும் தரைக்கும் இடையே அளந்தேன்.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். பழைய ஸ்பிரிங் மெத்தென்று இருந்தது. ஆள் ஏற ஏறக் கார் தாழ்ந்துகொண்டே போனது. எல்லோரும் ஏறி முடித்ததும் மேட்டைத் தாண்டக் கொஞ்ச இடம்தான் மிச்சம். அதற்குப் பதிலாகக் குட்டையான, ஆனால் விறைப்பான ஸ்பிரிங் போட்டால்? காலியாக நிற்கும்போது கார் தாழ்ந்திருக்கும். பாரம் ஏறினால் அதிகம் அமுங்காது. நிறைந்த காரின் உயரம் பழையபடியே இருக்கும். கணக்குப் போட்டதில் ஒன்றேகால் அங்குலம் தாழ்த்தலாம் என்று வந்தது.

"மூணு கேட்டா ஒண்ணேகாலா?" என்று வீட்டுக்காரர் மகன் கையை விரித்தார். "இதுக்கா தெருவயே ஏத்தி எறக்கின?"

பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். முதல் கடையில் அவருக்குப் பிடித்தது சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு செட் ஸ்பிரிங். கையால் அழுத்திப் பார்த்தால் விறைப்பு தெரியாது. எங்கள் வேலையில் கம்பியின் கனத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். சிவப்பு வெறும் குட்டை. பாரம் ஏறினால் படுத்துவிடும். கடைக்காரர் சிரித்தார். "உன் ஃபிரண்டு பெயிண்ட வாங்க வந்தாரு, நீ கம்பிய வாங்க வந்த."

நாலாவது கடையில் கிடைத்தது. பந்தயக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது என்றார்கள். அழுக்கேறிய கறுப்பு நிறம், நல்ல கனம். பந்தயக் கார் என்றதும் வீட்டுக்காரர் மகன் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார். ஷாக் அப்சார்பரும் அதே அளவுக்குக் குட்டையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பழையது நீளம். அதோடு போட்டால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடும். மாட்டியபிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால் உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தோம். டயர் எங்கேயும் உரசவில்லை. கீழே இறக்கியதும் வீட்டுக்காரர் மகன் மட்கார்டுக்குள் கையை நுழைத்தார். இரண்டு விரல்தான் போனது. ஒன்றேகாலைப் பற்றி அப்புறம் அவர் பேசவேயில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கல்யாணத்தன்று தாலி கட்டியதும் நான் வீட்டுக்கார அம்மாவோடு வேனில் முன்னால் வந்துவிட்டேன். மேட்டருகே இறங்கினால், அதன் உச்சியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மாக்கோலம் போட்டிருந்தது.

"நான்தான் விடியக்காலம் போட்டேன்" என்றார் அவர். "தட்டிச்சு தட்டலைனு அப்பனும் புள்ளையும் நாளெல்லாம் சண்ட போடுவாங்க. தட்டிச்சுன்னா நடுக்கோலம் அழிஞ்சிடும். அவ்ளோதான்."

கார் வந்தது. கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்து வருவது போலத் தோன்றியது. மேட்டுக்கு முன்னால் நின்றதும் காரணம் தெரிந்தது. பின்சீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, மடியில் ஒரு பிள்ளையோடு, தாய்மாமா. ஊரிலேயே பருமனான மனிதர். தூரத்தில் நின்று தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டாராம்.

கணக்கில் ஒரு விரல் அளவுக்கு இடம் கூடுதலாக விட்டிருந்தேன். அது இவருக்குப் போதுமா?

"இன்னா இன்ஜினியரே, போலாமா?" என்றார் மாப்பிள்ளை.

தாய்மாமா கதவில் கை வைத்தார். "நான் வேணா எறங்கிக்கிறேன்பா."

"டேய், உக்கார்றா" என்றார் வீட்டுக்கார அம்மா. "வண்டி தட்டினா தட்டட்டும், போ. நீ எறங்காத."

மெதுவாக, நேராக விடச் சொன்னேன். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. நான் புது வேட்டியோடு ரோட்டில் படுத்துவிட்டேன். கோலத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. கார் இன்னும் நகர்ந்தது. வெளிச்சம் மெலிந்தது, ஆனால் அறுபடவில்லை. பின்சக்கரங்களும் ஏறி, கார் அந்தப் பக்கம் இறங்கியது.

வீட்டுக்காரர் இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். இரண்டு ஓரத்திலும் டயர் தடம். நடுவில் தாமரை, ஓர் இதழ்கூடக் கலையாமல்.

"சரி, இருக்கட்டும்" என்றார். "பழைய ஸ்பிரிங்க எடைக்குப் போட்று."

பின்னால் தாய்மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "அக்கா, வண்டியா இது? வல்லக்கோட்டைலேர்ந்து கல்லு மேல உக்கார வெச்சு இட்டாந்த மாதிரி கீது."

வீட்டுக்கார அம்மா அவருக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினார்.