பெயர் எழுதாத படிவம்

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கே படும் சிரமங்களைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இலங்கையின் ஊவா மலைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய், பிள்ளைகளை அனுப்பிவிட்டிருக்கும் வீட்டாரிடம் கேள்வி கேட்டு எழுதிவர வேண்டும். நானும் அப்புத்தளைப் பக்கத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டோம். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நான் விட்ட பந்தா இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏனென்றால் என் தங்கச்சியே அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து நான்கு மாதமாகியிருந்தது. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைக் கேட்பேன். "அவளுக்கென்னா, நல்லா இருக்கா. கடைப் போனுக்குக் கோல் எடுத்துப் பேசினாளே" என்பாள். கேள்வி கேட்பதையே வேலையாக வைத்திருந்த நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

விரிவுரையாளர் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருந்தார். படிவத்தில் யார் பெயரையும் எழுதக் கூடாது. தோட்டத்துக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண். அதோடு, சொந்தத் தோட்டத்துக்கு யாரும் போகக் கூடாது. அதனால் பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் தோழி போனாள். அவளுடையதற்கு நான் போனேன்.

போன இடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்: நல்லா இருக்கா. லயத்தில் தனியாகப் பேச இடமேது? நாம் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டார் வாசலில் கூடிவிடுவார்கள். எனக்கோ கோபம் கோபமாக வரும். தோழி கெட்டிக்காரி. தண்ணீருக்குப் போகும் அம்மாமாரோடு தானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடப்பாள். வழியில் கேட்பாள். அவள் படிவங்கள் நிறைந்து வழிந்தன.

பதுளையில் வாடகை அறை ஒன்றில் உட்கார்ந்து, கணக்கெடுக்க வசதியாக ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் போட்டோம். ஒரு மத்தியானம் எங்கள் தோட்டத்து எண் போட்ட கட்டு என் கைக்கு வந்தது. நான்காவது படிவம். கணவர் இல்லை. பிள்ளைகள் இருவர். இளையவள் அரபு நாட்டில். மூத்தவள் பல்கலைக்கழகத்தில்.

எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான்.

கடைசியாகப் பேசியது: நான்கு மாதத்துக்கு முன். பாஸ்போர்ட்: வேலை செய்யும் வீட்டாரிடம். அடி: உண்டு. கீழே தோழியின் குறிப்பு: "கொதிநீர் ஊற்றியதில் கை வெந்துவிட்டது. அழுதுகொண்டே சொல்லும்போது தொடர்பு அறுந்தது. பிறகு அழைப்பில்லை. மூத்த மகளுக்குத் தெரியாது."

ஐயோ, கை வெந்து கிடக்கும் தங்கச்சிக்கு எண் போடவா நான் உட்கார்ந்திருக்கிறேன்! எதிரே தோழி பிஸ்கட்டைக் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கொரு தங்கச்சி இருப்பதையே நான் அவளிடம் சொன்னதில்லை; அது யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது. தலைவலி என்று சொல்லிவிட்டு, வெற்றுப் படிவம் ஒன்றை உருவிக்கொண்டு ஓடிப்போய் பசறை பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஊர்ந்தது. அவள் உயிரோடுதான் இருக்கிறாளா?

அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, திடுதிப்புன்னு வந்து நிக்கிற? லீவா?"

"தங்கச்சி எப்படிம்மா இருக்கா?"

"அவளுக்கென்னா..."

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் படிவத்தைப் படித்ததைச் சொல்ல வேண்டிவரும். முகம் தெரியாத பெண்ணை நம்பி அம்மா சொன்னது அது. வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் அவளை உட்காரவைத்து, எதிரே வெற்றுப் படிவத்தை விரித்தேன்.

"அம்மா, இது நான் கேக்குறதில்ல. எல்லா வீட்டுலயும் கேக்குறது. பேரு எழுத மாட்டோம். ஒங்க சின்னப் பொண்ணு கடைசியா எப்பங்க பேசினாங்க?"

"ஆளப் பாரு! பெத்தவகிட்ட வாங்க போங்கன்னு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். அவள் சிரிப்பு நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், படிவத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானும் எழுதினேன்.

"மூத்த பொண்ணுகிட்ட ஏங்க சொல்லல?" படிவத்தில் அப்படியொரு கேள்வி கிடையாது.

"சொன்னா படிப்ப விட்டுட்டு வந்துருவாங்க. சின்னவளும் சொல்ல வேணாம்னுட்டா. அக்கா படிக்கணும்னுதானே அவ போனதே." எழுதிய தாளை விரலால் தடவினாள். "இம்புட்டும் எழுதிக்கிட்டீங்களே, எம்புள்ளையக் கூட்டியாந்துருவீங்களா?"

"கூட்டியாந்துருவோம்மா" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

அவளை மீட்க நானும் அம்மாவும் ஒன்பது மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். பதுளை ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கிய தங்கச்சி, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைக் கண்டதும் வலது கையை ஷாலுக்குள் மறைத்துக்கொண்டாள்.