குறிப்புக்கு ஒதுக்கிய இடம்

அக்காவை அந்த லேபுக்கு அனுப்பியவன் நான்தான். அவள் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டபோது, "அது நாங்க சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த எடம்க்கா, ரிப்போர்ட் நேரா உன் போனுக்கே வந்துடும்" என்று பீற்றிக்கொண்டேன். ஊசியால் சாம்பிள் எடுத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் மட்டும் வரவில்லை.

அதே வாரம் லேபிலிருந்து எனக்குப் புகார் வந்தது. ரிப்போர்ட் அனுப்பும்போது புரோகிராம் பட்டென்று மூடிக்கொள்கிறதாம். இது புதிய புகார் இல்லை. அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று தட்டிக்கழித்து வந்தேன். இந்த முறை விடாமல் நச்சரித்ததால், க்ராஷ் டம்ப் கோப்பை அனுப்பச் சொன்னேன்.

ரெட்டியார்பாளையத்தில் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். காலையில் போனதும் அதைத் திறந்தேன். டம்ப் என்பது புரோகிராம் உயிரை விட்ட நொடியின் நகல். அப்போது நினைவகத்தில் கிடந்தவையும், பிராசசர் கையில் வைத்திருந்த எண்களும் அதில் பதிவாகியிருக்கும். அந்த எண்கள் இருக்கும் இடங்களைத்தான் ரெஜிஸ்டர்கள் என்கிறோம். பிராசசர் வேறு வேலைக்குப் போய் எத்தனை நாள் ஆகியிருந்தாலும், பிழை தேட நாங்கள் வைத்திருக்கும் டீபக்கர் என்ற கருவி அந்தப் பதிவைப் படித்து, அது இன்னும் அதே வரியில் நிற்பதுபோலக் காட்டும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. திறந்தவுடன் கண்ணில் படுவது டம்பை எழுதிய பகுதியின் எண்களாக இருக்கலாம். புரோகிராம் விழுந்த இடத்தின் ரெஜிஸ்டர்களை நாம்தான் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டேன்.

ஒரு ரெஜிஸ்டரில், நகலெடுக்க வேண்டிய எழுத்துகளின் நீளம் இருந்தது. டாக்டரின் குறிப்புக்கு நான் ஒதுக்கியிருந்த இடத்தைவிட ரொம்பப் பெரிய எண். காரணம் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. இன்னொரு ரெஜிஸ்டரில் ஒரு முகவரி தெரிந்தால், அங்கே என்ன கிடக்கிறது என்று பார்த்தே தீருவோம். பார்த்தேன். அக்காவின் பெயர், வயது, ஊர் தவளக்குப்பம். அதன்கீழ் டாக்டர் எழுதிய நீண்ட குறிப்பு. புற்றுநோயாக இருக்கலாம், தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும் என்பது அதன் சாரம்.

திரையை மூடிவிட்டேன். மூடினால் மட்டும்?

குறிப்புக்கு இவ்வளவு போதும் என்று இடம் ஒதுக்கியவனும் நான்தான். அதைச் சோதித்தபோது 'நார்மல்', 'பயப்பட ஒன்றுமில்லை' என்று குட்டிக் குட்டியாகத்தான் போட்டுப் பார்த்தேன். நல்ல சேதியெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கெட்ட சேதிக்குத்தான் விளக்கம் நீளும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நான் ரீஸ்டார்ட் செய்யச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எந்த வீட்டில் யார் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

திருத்தம் ஒரே வரிதான். உடனே முடித்தேன், ஆனால் அனுப்பவில்லை. "டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பறேன்" என்று லேபுக்குச் சொன்னேன். டெஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு தெம்பு. "ரிப்போர்ட் வரலன்னா ஒண்ணுமில்லன்னுதானடா அர்த்தம்? எதாவது இருந்தா இந்நேரம் கூப்புட்டிருப்பாங்கல்ல?"

"வரும்க்கா" என்றேன். என்னை நம்பிக் கேட்டவளிடம் இப்படி மழுப்புகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் திருத்தத்தை அனுப்பிவிட்டு, தவளக்குப்பம் வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். சேதி வரும்போது அவள் தனியாக இருக்கக் கூடாது. அதையாவது செய்ய வேண்டும்.

"வேலைக்குப் போவல? அதிசயமா வந்துருக்க" என்று கேட்டுக்கொண்டே தோசைக்கு மாவு கரைத்தாள். மேடைமேல் இருந்த போன் சத்தம் போட்டது. "கையெல்லாம் மாவு. யாருன்னு பாருடா."

எடுத்தேன். லேபின் பெயரில் ஒரு மெசேஜ். என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையை முதலில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ரிப்போர்ட்டுக்கா. பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்னு போட்டிருக்கு. சந்தேகம்தான், உறுதியா சொல்லல. நானும் கூட வர்றேன், இன்னைக்கே போவலாம்."

அவள் அழவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து போனை வாங்கினாள். திரையில் இருந்த அந்த மெசேஜைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னும் இத தொறக்கவே இல்லியேடா" என்றாள்.