நம்பாதவன் ஓதிய தல்கீன்

காது கேட்கிறதா என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில், சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது வருடமாக இதைச் செய்கிறவனிடம் வந்து, செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று மனைவி சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

எங்கள் ஊரில் மய்யித்தை, இறந்தவர் உடலை, அடக்கிய பிறகு ஒருவர் கப்ருக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார். வானவர்கள் இருவர் வந்து உன் இறைவன் யார், உன் நபி யார் என்று கேட்பார்கள், பயப்படாமல் இப்படிப் பதில் சொல் என்று இறந்தவருக்கே எடுத்துச் சொல்வது அது. பரீட்சைக்கு முன்னால் விடையைச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு என்று கிண்டல் செய்வேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். ஐந்து வேளையும் தொழுவாள். அறிவைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று மார்க்கம் சொல்லவில்லை, யோசி என்றுதான் சொல்கிறது என்பாள். ஒன்றுமில்லாததிலிருந்து ஒருமுறை படைத்தவனுக்கு மறுமுறை எழுப்புவது என்ன கஷ்டம் என்று கேட்பாள். அது நிரூபணம் ஆகாது என்பேன். ஒருநாள் என் தொழிலையே எடுத்து என்னை மடக்கினாள்.

"இருக்கறதுலயே பெரிய சத்தம் வச்சும் ஒருத்தர் பொத்தானை அழுத்தலன்னா என்ன எழுதுவீங்க?"

"பதில் இல்லைன்னு எழுதுவோம்."

"கேக்கலன்னு எழுத மாட்டீங்கள்ல?"

மாட்டோம். மெஷினுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு அப்பால் எங்களுக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் டீ போட எழுந்து போய்விட்டேன்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி மாதம் அவள் கேட்டது ஒன்றுதான். இங்கே எல்லாப் பள்ளிவாசலிலும் தல்கீன் வழக்கம் இல்லை, அதனால் நானே ஓத வேண்டும். நம்பாததை எப்படி ஓதுவது என்றேன்.

"நம்புறத நான் பாத்துக்கறேன். நீங்க ஓதுனா போதும்."

அரபு வாசகத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தாள். நாலு வரி எழுதுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அடக்கம் செய்த அன்று மழை. பள்ளிவாசலிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று பிடி மண் போட்ட பிறகு, தொழுகை நடத்திய ஹஜ்ரத் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினார். நாம் திரும்பிப் போகும் காலடி ஓசை இவருக்குக் கேட்கும், இவருக்காகத் துஆச் செய்யுங்கள் என்றார். தல்கீன் பற்றி மெதுவாகக் கேட்டேன். தங்களிடம் அந்த வழக்கம் இல்லை, விரும்பினால் நீங்கள் ஓதுங்கள் என்றார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பகுத்தறிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் வெட்கம். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர்கள் போய்விட்டார்கள். பிளேஸ்டோவில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பையன்தான் என்னைக் காரில் கூட்டி வந்திருந்தான். "அண்ணை, நான் காருக்குள்ள இருக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று அவனும் போனான்.

அதற்குப் பிறகுதான் தாளை எடுத்தேன். மழை எழுத்தை அழிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஈரமண்ணில் உட்கார்ந்து, தடுக்கித் தடுக்கி ஓதினேன். முடித்ததும், பொத்தான் அழுத்தப்படுமா என்று பார்க்கிற பழக்கதோஷம், சற்று நேரம் காத்திருந்தேன். அவ்வளவு பெரிய அடக்கஸ்தலத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை.

கிளம்பலாம் என்று எழுந்து ஓரடி வைத்தேன். சரளைக்கல் நறநறவென்றது. அப்படியே நின்றுவிட்டேன். நான் அவளை விட்டுப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு, சத்தம் வராமல் புல்லோரமாகவே கார் வரைக்கும் நடந்தேன்.